‘சமாளிச்சுப் போ பிள்ளை’ என்று சொல்வதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலப் பக்கங்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெண்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் நடக்கும் வன்முறை பற்றியவை. எழுதியவர்களின் பெயரையும் கிராமத்தையும் நீக்கி, பிரதேசத்தை மட்டும் போட்டிருக்கிறோம். ஏறத்தாழ எல்லாரும் எங்களுக்கு எழுதுவதற்கு முன் வேறு யாரிடமோ வாய் திறந்திருக்கிறார்கள். அது அம்மாவாக, மாமியாக, ஆசிரியராக, விதானையாராக இருந்திருக்கிறது. அந்த முதல் ஆள் சொன்ன பதிலோடு பலருடைய முயற்சி நின்றுபோயிருக்கிறது. அதனால் இந்தப் பதில்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்லாமல் அந்த முதல் ஆளுக்கும் சேர்த்தே எழுதப்படுகின்றன.

அக்காவின்ர மனுசன் குடிக்காத நேரம் தங்கமான ஆள். கசிப்பு உள்ளுக்குப் போனாத்தான் அடி. குடியை விட்டா எல்லாம் சரியாகும் எண்டு அம்மா சொல்லுறா. உண்மையோ?
— தங்கை, கண்டாவளை

குடி அடியைக் கூட்டும், காயத்தையும் பெரிதாக்கும். ஆனால் அடியின் வேர் அங்கே இல்லை. அதே கசிப்பைக் குடித்துவிட்டு வரும் மனிதர் வழியில் பொலிஸைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கிப் போகிறார். கூலி கொடுக்கும் முதலாளிக்குக் கை ஓங்குவதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, நாலு பேர் காணும் முகத்தை விட்டுவிட்டு முதுகிலும் தொடையிலும் அடிக்கிறார். இவ்வளவு நிதானம் உள்ளவரை ‘வெறியில் தெரியாமல் செய்தார்’ என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். மனைவியை அடிக்கத் தனக்கு உரித்து இருக்கிறது என்ற எண்ணம் குடிக்காத நேரத்திலும் அவருக்குள் இருக்கிறது. குடி அதற்கு ஒரு சாட்டு.

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் இலங்கை உட்பட ஆசிய பசிபிக் நாடுகள் 6 இல் சுமார் 10,000 ஆண்களிடம் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே கைகாட்டியது. பெண்ணைப் பலவந்தப்படுத்தியதை ஒப்புக்கொண்ட ஆண்கள் அதிகமாகச் சொன்ன காரணம், அது தங்களுக்கு உரியது என்ற நினைப்பு. குடியைக் காரணமாகச் சொன்னவர்கள் குறைவு. பலவந்தப்படுத்தியதை ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை முதன்முதலில் செய்தது பதின்ம வயதில். சின்ன வயதில் அடியும் துஷ்பிரயோகமும் பட்டவர்களிடமும், தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களிடமும் ஆபத்துக் கூடுதலாக இருந்தது. அப்படி வளர்ந்த எல்லாரும் அடிப்பவர்களாவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வன்னியில் இதற்கு மேலும் சில பாரங்கள் உண்டு. முன்பு ஒரு வளவுக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் இருந்தார்கள். கை ஓங்கினால் குறுக்கே வர ஆளிருந்தது. இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் அந்த உறவுகளைச் சிதறடித்துவிட்டன. அரை ஏக்கருக்கு ஒரு வீடு என்று இருக்கும் இடத்தில் சத்தம் போட்டாலும் கேட்காது. நிலையான வேலையில்லை, கிழமைக் கடன்காரர் வாசலில் நிற்கிறார், போனில் யாருடன் கதைத்தாய் என்ற சந்தேகம் வேறு. இவை ஒவ்வொன்றும் அடியைக் கூட்டும். எதுவும் அடியை நியாயமாக்காது.

அக்காவிடம் இப்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. எப்போதாவது கழுத்தை நெரித்தாரா? கத்தி, கோடரி, மண்ணெண்ணெய் எடுத்து மிரட்டினாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? ‘விட்டுட்டுப் போனா உன்னையும் கொண்டு நானும் சாவன்’ என்றாரா? அண்மைக் காலத்தில் அடியின் இடைவெளி குறுகி வருகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் இது ‘குடிச்சுப்போட்டு வாற சண்டை’ அல்ல, உயிர் ஆபத்து. கழுத்து நெரிப்பைத் தனியாகச் சொல்கிறோம். கழுத்தில் அடையாளமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முதல், விழுங்க நோ, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளி, தலைசுற்று, அந்த நேரம் நினைவு தப்பியது அல்லது சிறுநீர் போனது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுக் கஷ்டம் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கழுத்தை நெரித்தவர் பிறகு கொலை செய்யும் ஆபத்து பலமடங்கு கூட என்பது உலகெங்கும் கண்ட உண்மை.

அவர் உண்மையாகவே குடியை விட விரும்பினால் நல்லது, அரச ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அதற்கு வைத்தியம் இருக்கிறது. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் 2, 3 நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மாறாட்டம் வரக்கூடும். கோயிலில் சத்தியம் வாங்கி வீட்டுக்குள் வைத்து மறக்கச் செய்யாதீர்கள். ஆனால் குடி நிற்கும் வரை அக்கா காத்திருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு வேறு வேலை, குடி வைத்தியம் வேறு வேலை.

பொலிசுக்குப் போனனான். ‘குடும்பப் பிரச்சினை, ரெண்டு பேரும் பேசித் தீருங்கோ’ எண்டு அவரையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்து அனுப்பினவை. வீட்டை வந்து இன்னும் கூட அடி. இனி எங்க போறது?
— ஒட்டுசுட்டான்

உங்களுக்கு நடந்தது பலருக்கு நடப்பது. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே மேசையில் இருத்திச் செய்யும் சமாதானம், ‘நீ வெளியே சொன்னாலும் எனக்கு ஒன்றும் நடக்காது’ என்று அவருக்குப் படிப்பிக்கிறது. இணக்க சபை காணி எல்லைக்கும் கைமாற்றுக் காசுக்கும் நல்லது. அடிக்கும் கைக்கும் அதை வாங்கும் முதுகுக்கும் நடுவில் விட்டுக்கொடுப்பு என்று ஒன்று இல்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. பொலிஸ் வழக்குப் போடாவிட்டாலும் நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்யலாம். நீங்கள் இருக்கும் இடத்து நீதிமன்றமோ, அவர் இருக்கும் இடத்ததோ, சம்பவம் நடந்த இடத்ததோ போதும். தாய்வீடு வவுனியாவில் என்றால், அங்கே போய் இருந்துகொண்டு அங்கேயே கேட்கலாம். அடி மட்டுமல்ல, தொடர்ந்து கொடூரமாக அவமானப்படுத்தி மனதை நொறுக்குவதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை உடனே கிடைக்கும். 14 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும். அதன்பின் கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

கட்டளையில் என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாதது கிடைக்காமலே போகும். வீட்டுக்கு வரக்கூடாது, வேலைத்தலத்துக்கும் பிள்ளையின் பாடசாலைக்கும் வரக்கூடாது, போனில் தொல்லை தரக்கூடாது, என் உடைமைகளைத் தடுக்கக்கூடாது, வீட்டை விற்று எங்களைத் தெருவில் விடக்கூடாது, உடனடிச் செலவுக்குக் காசு தரவேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மாதாந்தத் தாபரிப்பு வேறு வழக்கு. அது 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி அதே நீதவான் நீதிமன்றத்தில்தான் நடக்கும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் கடிதம் தந்து, தேவையானால் கூட வருவார்.

இனி, இந்த வழக்குகள் எங்கே இடறி விழுகின்றன என்று சொல்கிறோம். முதலாவது ஆஸ்பத்திரியில். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் ‘எப்படிக் காயம்?’ என்றதும் ‘கிணத்தடியில வழுக்கி விழுந்தனான்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும், ஏனென்றால் பக்கத்தில் அவரே நிற்பார். அந்த ஒரு வரி ரிக்கெட்டில் ஏறினால் ஆறு மாதம் கழித்து மறுதரப்புச் சட்டத்தரணி அதைத்தான் வாசிப்பார். அவரை வெளியே நிற்கச் சொல்லும்படி தாதியிடம் கேளுங்கள். யார், எதால், எத்தனை மணிக்கு அடித்தார் என்பதைச் சொல்லுங்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து எழுதும் அறிக்கைதான் பிறகு பேசும்.

இரண்டாவது முறைப்பாட்டில். ‘கணவன் மனைவிக்கிடையில் வாக்குவாதம்’ என்று எழுதி ஒப்பம் கேட்பார்கள். அடி, ஆயுதம், மிரட்டல், பழைய சம்பவங்கள் எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டே ஒப்பம் வையுங்கள். தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. என்றி போட்ட திகதியையும் இலக்கத்தையும் குறித்து வாருங்கள். நிலையத்தில் எடுக்க மறுத்தால் சிறுவர் மகளிர் பிரிவின் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள், அதற்கும் மேல் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் காரியாலயம் இருக்கிறது. பெண்கள் உதவி இலக்கம் 1938 க்கும் சொல்லுங்கள்.

மூன்றாவது சாட்சியத்தில். காயத்தை இரண்டு படம் எடுங்கள். ஒன்றில் முகமும் காயமும் சேர்ந்து வரட்டும், மற்றதில் காயத்துக்குப் பக்கத்தில் ஒரு நாணயக்குற்றி இருக்கட்டும், அளவு தெரியும். கண்டல் அன்றைக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், ஓரிரு நாள் கழித்து நன்றாகத் தெரியக்கூடும், அப்போது திரும்ப எடுங்கள். படங்களை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் திகதி போட்டு இரண்டு வரி எழுதி, சகோதரி வீட்டில் வையுங்கள்.

கடைசியாக, கட்டளை கிடைத்த பிறகு. முதல் மீறலை ‘பிள்ளையைப் பாக்க வந்தவர்தானே’ என்று விட்டால் அந்தக் கட்டளை வெறும் கடதாசியாகிவிடும். பிரதியைக் கையோடு வைத்திருந்து முதல் தடவையே பொலிஸ் அவசர இலக்கம் 119 க்கு அறிவியுங்கள். வழக்குத் தவணைக்கு நீங்கள் போகாமல் விட்டாலும் எல்லாம் தள்ளுபடியாகிப் போகும். பஸ் காசு, அன்றைய கூலி, பிள்ளையைப் பார்க்க ஆள், இந்த மூன்றுமே தவணைக்கு வரவிடாமல் செய்வன. உதவி செய்ய விரும்பும் உறவினர் அறிவுரையை விட்டு, அந்த ஒரு நாளுக்கு முல்லைத்தீவுக்கு ஏற்றி இறக்கினால் போதும்.

பக்கத்து வீட்டில சத்தம் கேட்டால் நாங்கள் போகலாமோ? ‘உனக்கென்ன’ எண்டு கேட்டால்?
— மல்லாவி

போகலாம், போகவும் வேண்டும். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். ‘கொஞ்சம் சீனி தாங்கோ, விருந்தாள் வந்திட்டுது’ என்று படலையில் நின்று கூப்பிட்டாலே பல நேரம் ஓங்கிய கை இறங்கும். ஆயுதம் இருந்தால் உள்ளே நுழையாமல் 119 ஐ அழைத்து, பிள்ளைகளை உங்கள் வளவுக்குக் கூட்டி வாருங்கள். மறுநாள், அவர் இல்லாத நேரம் பார்த்து, ‘நேற்றுச் சத்தம் கேட்டது. எப்ப வேணுமெண்டாலும் எங்கட வீட்டை வரலாம்’ என்று மட்டும் அவவிடம் சொல்லுங்கள். ‘நீ என்ன செய்தனீ?’ என்று கேட்காதீர்கள். அவவின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதி, வங்கிப் புத்தகம், இரண்டு சோடி உடுப்பு, கொஞ்சக் காசு ஆகியவற்றை ஒரு பையில் உங்கள் வீட்டில் வைக்க இடம் கொடுத்தால் அது பெரிய உதவி. வீட்டை விட்டுப் போகும் நாட்களும் போன முதல் மாதங்களும்தான் ஆகவும் ஆபத்தானவை. போவதை அவருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது, நீங்களும் எங்கும் கதைக்கக்கூடாது.

15 வயது மகள் 22 வயதுப் பொடியனோட போய் நாலு நாள் இருந்திட்டாள். ஊர்ப் பெரியாக்கள் கோயிலில வைச்சுத் தாலி கட்டச் சொல்லுகினம், எழுத்து 18 இல பாக்கலாமாம். மானம் போகுது. என்ன செய்ய?
— தகப்பன், துணுக்காய்

ஐயா, உங்கள் வேதனை விளங்குகிறது. ஆனால் அந்தத் தாலி பிள்ளையைக் காப்பாற்றாது.

பொதுச் சட்டத்தின்படி 1995 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் திருமண வயது 18. பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் அதற்குக் கீழே எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், செய்ய முடியாது. அவ எழுத்தில்லாமல், உரிமையில்லாமல் அந்த வீட்டில் இருப்பா. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உடலுறவு கொள்வது, பிள்ளை சம்மதித்திருந்தாலும், தண்டனைச் சட்டக் கோவையின் 363 ஆம் பிரிவின்படி வல்லுறவுக் குற்றம். பெரியாக்கள் கூடித் தாலி கட்டிவைத்தால் அந்தக் குற்றம் மறைந்துபோகாது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வயதைப் பார்த்து அவர்கள் பொலிசுக்கு அறிவிப்பார்கள். அப்போது பொடியன் சிறைக்கு, மகள் கைக்குழந்தையோடு நீதிமன்றத்துக்கு.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து வன்னியில் பல குடும்பங்கள் பிள்ளைகளை இளவயதில் கட்டிவைத்தன. அந்தக் காலத்துப் பயம் போய்விட்டது, ‘கட்டி வைச்சால் பாதுகாப்பு’ என்ற நினைப்பு மட்டும் தங்கிவிட்டது. அப்படிக் கட்டியவர்களில் எத்தனை பேர் இருபது வயதில் தனித் தாயாக நிற்கிறார்கள் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது இது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அடிக்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள், தலைமயிரை வெட்டாதீர்கள். அடிபட்ட பிள்ளை அடுத்த கிழமையே திரும்பிப் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவையா என்ற பரிசோதனையும் கிடைக்கும். நேரம் போகப் போகப் பலன் குறையும். உடுத்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள், பொலித்தீனில் வைத்தால் ஈரம் பிடித்து அழுகும். பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவிலோ 1929 சிறுவர் உதவி இலக்கத்திலோ அறிவியுங்கள். வழக்கில் பிள்ளை குற்றவாளியல்ல. நீதிமன்றம் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் என்றால், நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை எழுத வரும்போது, அம்மம்மா அல்லது சித்தி போன்ற, பொடியன் வரமுடியாத ஒரு உறவு வீட்டைக் காட்டுங்கள். மாற்று இடம் ஒன்றும் சொல்லாமல் நின்றால்தான் இல்லம் ஒன்றே வழியாகிறது.

16 வயது வரை கல்வி கட்டாயம். அதிபர் ‘மற்றப் பிள்ளையள் கெட்டுப்போகும்’ என்று தயங்கினால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். ‘18 வந்ததும் கட்டுவேன்’ என்று பொடியன் பகுதி எழுதித் தரும் கடிதத்தை வாங்காதீர்கள். மூன்று வருடத்துக்கு உங்கள் வாயைக் கட்டுவதைத் தவிர அதனால் எந்தப் பலனும் இல்லை.

விசுவமடுவில இருந்து கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போறனான். பஸ்ஸில சனம் நெருக்க நேரம் ஒருத்தர் தட்டித் தடவுறார். உடுப்பை ஒழுங்காப் போடு எண்டு வீட்டில சொல்லுகினம்.
— உயர்தர மாணவி

பாடசாலைச் சீருடை போட்ட பிள்ளைக்கும், சேலை உடுத்த ஆசிரியைக்கும், பேரப்பிள்ளை கண்ட அம்மம்மாவுக்கும் இதுதான் நடக்கிறது. உடுப்பு காரணமாக இருக்க வழியே இல்லை. 2015 இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் செய்த ஆய்வில் பஸ், ரயிலில் தொந்தரவு பட்டதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸ் உதவி கேட்டவர்கள் 4 சதவீதம். தடவுகிறவர் அந்த 4 ஐ நம்பித்தான் கையை நீட்டுகிறார்.

இது தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு, 5 வருடம் வரை சிறை. ‘என்ன இது’ என்று பொதுவாக முணுமுணுக்காமல் ஆளைக் காட்டிச் சொல்லுங்கள்: ‘நீலச் சேட்டு அண்ணை, என்ர இடுப்பில இருந்து கையை எடுங்கோ.’ நிறத்தைச் சொன்னால் பஸ் முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்கும். நடத்துனரிடம் சொல்லி, வழியில் வரும் அடுத்த பொலிஸ் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்தக் கேளுங்கள். பஸ் இலக்கம், நேரம், இறங்கிய தரிப்பிடம் மூன்றையும் போனில் எழுதிவையுங்கள், தினமும் அதே பஸ்ஸில் வருபவர் மறுநாளும் வருவார். வாய் வராமல் உடம்பு விறைத்துப் போனால் அது உங்கள் குற்றமல்ல, பயத்தில் உடல் அப்படித்தான் செய்யும். அன்றைக்குச் சொல்லாவிட்டாலும் அடுத்த நாள் முறைப்பாடு செய்யலாம். வீட்டாருக்கு ஒன்று: ரியூசனை நிப்பாட்டாதீர்கள். நிப்பாட்டினால் தண்டனை அனுபவிப்பது உங்கள் பிள்ளை.

13 வயது மகன். விளையாட்டுக் கழகத்து அண்ணை ஒருவர் கூடாத மாதிரி நடந்ததாகச் சொல்லுறான். ஆம்பிளைப் பிள்ளைதானே, மறந்திடுவான் எண்டு இவர் சொல்லுறார்.
— தாய், பூநகரி

மறக்கமாட்டான், அம்மா. அவன் உங்களிடம் சொன்னதே பெரிய தைரியம். ‘நீ சொன்னது நல்லது. நான் நம்புறன். பிழை உன்னில இல்லை’ என்ற மூன்று வசனங்களையும் இன்றைக்கே சொல்லுங்கள். ‘ஏன் அப்பவே சொல்லேல்லை?’ என்று கேட்காதீர்கள். விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு எடுக்கவும் வேண்டாம். அப்பா ஒரு தரம், மாமா ஒரு தரம், அதிபர் ஒரு தரம் என்று கேட்கும்போது பிள்ளை ஒவ்வொரு தடவையும் காயப்படுகிறது, சொல்லும் கதையிலும் சின்ன வித்தியாசம் வந்து வழக்குக்குக் கெடுதலாகும். அவன் தானாகச் சொன்னதை, அவனுடைய சொல்லிலேயே, திகதியோடு எழுதிவையுங்கள்.

பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் 365 ஆ பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. 1929 ஐ அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரைக் காணுங்கள். வெளிக்காயம் இல்லாவிட்டாலும் வைத்தியப் பரிசோதனை தேவை. அந்த ஆளைக் கழகத்தார் அடித்து ஊரைவிட்டுத் துரத்த விடாதீர்கள். அவர் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போவார், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மற்றப் பெற்றோருக்கு: இப்படியானவர்கள் பெரும்பாலும் தெரிந்த ஆட்கள். ஒரு பிள்ளையை மட்டும் தெரிந்தெடுத்து போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுப்பது, மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்குவது, பயிற்சி முடிந்து மற்றவர்களை அனுப்பிவிட்டு ஒருவனை நிற்கவைப்பது, ‘அம்மாட்டைச் சொல்லாதை’ என்று ஒரு சின்ன இரகசியம் வைத்துப் பார்ப்பது, இவைதான் தொடக்கம். ஒரு ஆளும் ஒரு பிள்ளையும் பூட்டிய இடத்தில் தனியே இருக்கக்கூடாது என்று கழகம் ஒரு விதியை எழுதி ஒட்டட்டும். நேர்மையான பயிற்றுவிப்பாளர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

நான் தனித்தாய். உதவித் திட்டத்துக்குப் பதியிற ஒருத்தர் இரவில போன் எடுத்துக் கதைக்கிறார், ‘வந்து சந்திச்சாத்தான் பேர் வரும்’ என்கிறார். சொன்னால் என்னைத்தான் ஊர் கதைக்கும்.
— புதுக்குடியிருப்பு

உரித்தான உதவிக்குப் பதிலாகப் பாலியல் கேட்பது இலஞ்சம் என்று 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் சொல்கிறது. அரச உத்தியோகத்தர் என்றால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 க்குச் சொல்லலாம். கடன் கம்பனி, வேறு நிறுவனம் என்றால் 345 ஆம் பிரிவின்படி பொலிஸ் முறைப்பாடும், அவருடைய மேலதிகாரிக்கு எழுத்து மூல முறைப்பாடும். அழைப்பு வந்த நேரங்கள் காட்டும் போன் திரையைப் படம் எடுங்கள். குரல் பதிவு, குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம். ‘நாளைக்குப் பகல் கந்தோருக்கு வாறன், என்னென்ன கடதாசி வேணும் எண்டு மெசேஜில போடுங்கோ’ என்று அனுப்புங்கள். அவர் எழுத மறுப்பதும் ஒரு சான்றுதான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஒன்று சொல்கிறோம். பதிவும் கடன் அறவீடும் பொதுநோக்கு மண்டபத்தில், பகலில், நாலு பேர் முன்னால் நடக்கட்டும் என்று தீர்மானம் போட்டு பிரதேச செயலாளருக்கு அனுப்புங்கள். தனியே வாழும் பெண்ணின் படலையில் இரவு மோட்டார் சைக்கிள் நின்றால் அவவைப் பற்றிக் கதைப்பதை விட்டு, வந்தவரின் பெயரைக் கேளுங்கள்.

பழைய காதலன் என் படங்களை வைச்சுக் காசு கேக்கிறான். தந்தாலும் திரும்பக் கேக்கிறான். அண்ணாவுக்குத் தெரிஞ்சால் கொண்டே போடுவான்.
— 19 வயது, வவுனியா வடக்கு

இனி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தொகை கூடும். கோபத்தில் அவனோடான உரையாடலை அழித்துவிடாதீர்கள். அவனுடைய இலக்கம், கணக்கின் பெயர், திகதி எல்லாம் தெரியும்படி திரையைப் படம் எடுங்கள், காசு போட்ட ரசீதையும் வையுங்கள். அதன்பின் அவனைத் தடை செய்யுங்கள். காசு கேட்டு மிரட்டுவது தனிக் குற்றம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்குப் போகலாம், பொலிஸின் சிறுவர் மகளிர் உதவி இலக்கம் 109 க்கும் அழைக்கலாம்.

படம் பரவுவதைத் தடுக்க ‘ஸ்டொப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு கைரேகை போன்ற குறியீட்டை உருவாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் பேஸ்புக், இன்ஸ்ராகிராம், ரிக்ரொக் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். அதே படம் அங்கே ஏறினால் பிடிபடும். படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் சிலவேளை தப்பலாம், அதனால் உங்களிடம் உள்ள ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகக் குறியீடு எடுங்கள். படம் எடுக்கும்போது 18 வயது ஆகவில்லை என்றால் ‘ரேக் இற் டவுன்’ என்ற சேவைக்குப் போங்கள்.

அண்ணா விசயத்தை நாங்கள் பாரதூரமாகவே எடுக்கிறோம். ‘அண்ணன்தானே அடிச்சவன், நல்லதுக்குத்தானே’ என்று வளர்ந்த வீடுகளில், மிரட்டுபவன் நம்பியிருப்பது படத்தை அல்ல, அந்த அண்ணனின் கையை. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனுக்கு மட்டும் உரியதல்ல. தகப்பன், சகோதரன், பெரியப்பா, சித்தப்பா, மாமன், அவர்களின் பிள்ளைகள் வரை அது தொடும். அண்ணாவுக்குச் சொல்வதற்கு முன் நிதானமான ஒருவரை, சித்தி, மச்சாள், பழைய வகுப்பாசிரியை யாரையாவது, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அம்மாவிடம் சொல்வதா, உளவளத்துணை உத்தியோகத்தர் முன்னால் சொல்வதா என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். சாக வேண்டும் போல் நினைப்பு வந்தால் மனநல உதவி இலக்கம் 1926 க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் கதைப்பார்கள்.

இதை வாசிக்கும் அண்ணன்மாருக்கு: தங்கை வந்து சொன்னால் முதலில் அவளுடைய போனைப் பறிக்காதீர்கள், அதில்தான் சாட்சியம் இருக்கிறது. அவனைத் தேடி அடிக்கப் போகாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். படத்தைப் பார்க்கக் கேட்கவும் வேண்டாம். பொலிஸ் நிலையம் வரை கூடப் போய், அவள் முறைப்பாடு கொடுத்து முடியும் வரை வெளி வாங்கில் இருங்கள்.